தலை நிமிராதது சம்மதம் அல்ல

திங்கட்கிழமை ஆய்வகத்தில் சேரப்போகும் மூவருக்கும்.

உங்களில் ஒருவர் நேர்முகத் தேர்வின்போது ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஏறக்குறைய நாற்பது விநாடி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்று எழுதப் போவதில்லை, அவருக்குத் தெரியும். கேள்வி கேட்டவர் அடுத்த கேள்விக்குப் போகத் தாளைப் புரட்டினார். பக்கத்தில் இருந்தவர் தன் குறிப்பில் எதையோ அடித்தார். நாற்பது விநாடிக்குப் பிறகு வந்த பதில் அன்று அந்த அறையில் சொல்லப்பட்டவற்றிலேயே சரியானது. ஆனால் அது வருவதற்குள், கேள்வி கேட்ட மூன்று பேரும் அந்த மௌனத்துக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்து முடித்திருந்தார்கள்: தெரியாது, பயம், அலட்சியம். நான் நான்காவது ஆளாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அது என்னவென்று எனக்குத் தெரியும். எட்டு வருடமாக இந்த ஆய்வகத்தில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பணி ஓய்வு பெறுகிறவர்கள்தான் இப்படிக் குறிப்பு எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. மேலே படிக்கப் போகிறேன், அவ்வளவுதான். ஆனாலும் முசே விடவில்லை. "போறதுக்கு முன்னாடி புதுசா வர்றவங்களுக்கு ஏதாவது எழுதிக் குடும்மா. பேசச் சொன்னா நீ பேச மாட்ட" என்றார். முசே என்பது நம் தொழிற்சாலை மேனேஜர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், இவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். அதனால் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை முழுக்க அவருக்கு, பிரெஞ்சில் 'ஐயா' என்று அர்த்தமாகும் அந்தப் பெயர்தான். எந்த முடிவையும் 'அலோர்', அதாவது 'சரி, அப்படியென்றால்', என்று சொல்லித்தான் தொடங்குவார். உங்களுக்கும் பழகிவிடும்.

கருவிகளைப் பற்றி இதில் எழுதவில்லை. அதற்குத் தனி நோட்டு இருக்கிறது. பக்க எண் போட்டு, பின்பக்கம் அட்டவணையோடு வைத்திருக்கிறேன். இது அந்த நோட்டில் இல்லாதது.

நாம் செய்வது வயிற்றுப்போக்கு வந்தவர்களுக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி. பார்ப்பதற்குச் சாதாரணப் பொருள். ஆனால் அதைக் குடிப்பவர்கள் பெரும்பாலும் சிறு குழந்தைகள். உப்பு அளவுக்கு மேல் போனால் ஏற்கெனவே வாடிக் கிடக்கிற குழந்தையின் உடம்பு தாங்காது. அதைத் தடுக்கத்தான் நமக்குச் சம்பளம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

நான் சேர்ந்தது 2001-இல். பாலிடெக்னிக் முடித்த கையோடு வந்தேன். பேசாத பெண். வீட்டிலும் அப்படித்தான், வகுப்பிலும் அப்படித்தான். எனக்கு எவர்மேலும் கோபம் கிடையாது, பயமும் அதிகம் கிடையாது. ஒரு கேள்வி காதில் விழுந்தால் அது உள்ளே போய், சரிபார்க்கப்பட்டு, பதிலாக வெளியே வருவதற்கு மற்றவர்களைவிட நேரம் பிடிக்கும். அதற்குள் கேட்டவர் போய்விடுவார்.

முதல் வருடத்தில் என் மௌனத்துக்குக் கிடைத்த அர்த்தங்களை ஒரு நாள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். பட்டியல் போட்டால் எனக்கு மனசு அடங்கும்.

ஒன்று: வீட்டில் ஏதோ கஷ்டம் (வாட்ச்மேன், தினமும் காலையில் பரிதாபமாகப் பார்ப்பார்).
இரண்டு: காது மந்தம் (ஒரு லாரி டிரைவர்).
மூன்று: விரதம் (கேன்டீன்).
நான்கு: திமிர் (பேக்கிங் பிரிவு முழுவதும்).
ஐந்து: எல்லாவற்றுக்கும் சம்மதம் (மிக்சிங் பிரிவு).

முதல் மூன்றுக்கும் சிரித்துக்கொண்டேன். நான்காவது கொஞ்சம் வலித்தது.

பேக்கிங் பிரிவில் அஞ்சலை அக்கா இருக்கிறார். நீங்கள் சேர்ந்த முதல் மணி நேரத்திலேயே அவர் குரல் உங்களை வந்து அடையும். நான் சேர்ந்த புதிதில் மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் எல்லாரும் ஷெட்டில் வட்டமாக உட்காருவார்கள். நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் பின்னால் போய்விடுவேன். நாலு மணி நேரம் இயந்திரச் சத்தத்தில் இருந்துவிட்டு வந்தால் எனக்கு இருபது நிமிடம் யாருமில்லாத இடம் வேண்டும்; இல்லாவிட்டால் மதியத்துக்கு மேல் கை நடுங்கும். இதை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒரு நாள் அக்கா வழியில் நின்றுகொண்டு கேட்டார்: "ஏம்மா, எங்ககூட ஒக்காந்தா ஒனக்கு சோறு எறங்காதா? சங்கரா மீன் கொழம்பு நாறுதா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு 'அழுத்தக்காரி' என்று பெயர். அரியாங்குப்பத்திலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வருவோம். ஆற்றுப் பாலம் வந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார், நான் ஏதாவது சொல்வேனா என்று. பிறகு பக்கத்து சீட்டுக்காரரிடம் திரும்பிக்கொள்வார். இப்படியே மூன்று வருடம்.

இனி ஐந்தாவது.

ஆய்வகத்துக்கும் மிக்சிங் பிரிவுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கம் இருப்பவர் கலியமூர்த்தி, மிக்சிங் இன்சார்ஜ். பாகூர் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம். விடியலில் வயலுக்குப் போய்விட்டு, குளித்துவிட்டு, ஏழரைக்கு இங்கே நிற்பார். கலவை தயாரானதும் அதை மிக்சரிலிருந்து பாக்கெட் போடும் இயந்திரத்துக்கு இறக்க வேண்டும். விதிப்படி, நாங்கள் சோதித்து 'சரி' என்று சீட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் இறக்கலாம்.

நடந்தது வேறு. கலியமூர்த்தி ஜன்னலில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். "மேடம், எறக்கட்டுமா?" என்பார். நான் பெரும்பாலும் குனிந்து வேலையாக இருப்பேன். கலவையில் ஏதாவது கோளாறு என்றால் தலையை நிமிர்த்தி, கையைக் காட்டி நிறுத்துவேன். கோளாறு இல்லாவிட்டால் நிமிர மாட்டேன். அவர் இறக்கிவிடுவார். சீட்டு அரை மணி கழித்துப் போகும். தலை நிமிரவில்லை என்றால் சரி. இதை நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசி முடிவு செய்யவில்லை. தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று வருடத்தில் ஒரு தப்பும் நடக்கவில்லை. உற்பத்தி வேகமாக நடந்தது, எல்லாருக்கும் திருப்தி. எனக்குத்தான் ரொம்ப வசதி. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒரு நாள் வேலையை முடிக்க முடிந்தது. அந்த வசதியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

நான்காம் வருடம், நல்ல மழைக்காலம். ஆய்வகப் பொறுப்பாளர் விடுப்பில் இருந்தார், நான் மட்டும். காலை ஏழே முக்கால் இருக்கும், கலியமூர்த்தி ஜன்னலைத் தள்ளித் தலையை நீட்டினார்.

"மேடம், உப்பு மூட்ட கொஞ்சம் ஈரமா கீது. ஒதறித்தான் கொட்டினேன். இருந்தாலும் கட்டி கட்டியா அடியில போயி ஒக்காந்துக்குமோன்னு தோணுது. பாத்துக்கோங்க."

 நோட்டில் நேரம் போட்டு எழுதிக்கொண்டேன். ஒன்பது மணிக்கு மாதிரி எடுக்கப் போனபோது வழக்கமாக எடுக்கும் இரண்டோடு, மிக்சரின் அடிப்பகுதியிலிருந்து மூன்றாவதாக ஒன்றும் எடுத்தேன். அவர் சொன்னதால்தான் எடுத்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் வேலையில் இவளுக்குச் சந்தேகம் என்று அவர் அப்போது நினைத்ததாக ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

முதல் இரண்டு மாதிரியும் சரி. மூன்றாவதைச் சோதித்துக்கொண்டிருந்தேன். குடுவையில் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் எந்தச் சொட்டில் மாறுகிறது என்று பார்க்கும் சோதனை. மாற வேண்டிய இடம் இன்னும் வரவில்லை, ஆனால் எந்தச் சொட்டிலும் வரலாம். கண்ணை எடுக்க முடியாது. அந்த நேரத்தில் ஜன்னலில் இரண்டு தட்டு.

"மேடம், எறக்கட்டுமா?"

எனக்குக் கேட்டது. இந்தச் சொட்டு முடியட்டும், சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்ததை வெளியே சொல்லவில்லை. தலை நிமிரவில்லை. அவர் போய் இறக்கிவிட்டார்.

நிறம் மாறியபோது உப்பு அளவு ஏறக்குறைய இரண்டு பங்கு காட்டியது. நான் நம்பவில்லை. மறுபடி செய்தேன். அதே அளவு. மூன்றாம் முறையும் செய்து பார்த்துவிட்டு, 'நிறுத்தவும்' என்று சீட்டு எழுதி எடுத்துக்கொண்டு மிக்சிங்குக்குப் போனேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி சீட்டை வாங்கிப் படித்தார். அவர் முகம் மாறியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"இன்னா மேடம் இது? நிமிரலியே நீங்க?" என்று கேட்டுக்கொண்டே இயந்திரத்தை அணைத்தார். பிறகு மெல்ல, "பன்னண்டு பெட்டி லாரிக்குப் போயிடுச்சே" என்றார். நேற்றைய சரக்கில் பன்னிரண்டு பெட்டி குறைந்திருக்கிறது. இன்றைய பெட்டிகளை வைத்து நிரப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற சரக்கு.

நான் ஓடினேன். லாரி வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கத்த வேண்டும். என்ன கத்துவது என்று தெரியவில்லை. 'நில்லுங்கள்' என்றா, 'நிறுத்துங்கள்' என்றா? அந்த நேரத்திலும் எனக்கு அந்த யோசனை ஓடியது. கடைசியில் ஒன்றும் சொல்லாமல் லாரிக்கு முன்னால் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். மழைத் தண்ணீர் என் புடவைமேல் தெறிக்க லாரி நின்றது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "இன்னாம்மா, சாவறதுக்கு வேற வண்டி கெடைக்கலியா? வாயத் தொறந்து சொன்னாத்தான் இன்னா?"

ஷெட்டிலிருந்து அஞ்சலை அக்காவின் குரல் வந்தது. "யோவ், எறங்குய்யா கீழ! லேப்புப் பொண்ணு வண்டி முன்னால வந்து நிக்குதுன்னா சும்மாவா நிக்கும்?"

பெட்டிகள் இறக்கப்பட்டன. ஒரு பாக்கெட்கூட வெளியே போகவில்லை. குழந்தைகள் தப்பித்தார்கள். இந்த நிகழ்ச்சி அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை முசே எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கலியமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சீட்டு வராம எப்படிப்பா எறக்கின?"

"கேட்டேன் சார். தட்டிக் கேட்டேன். அவங்க தல நிமிரல. நிமிரலன்னா ஓகேன்னு அர்த்தம்."

"அப்படி ஒரு அர்த்தம் எந்த ரூல்ல கீது?" முசே என் பக்கம் திரும்பினார். "ஏம்மா தேவகி, நீ எறக்கச் சொன்னியா?"

எனக்குள் நான்கு பதில் வந்தது. சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் மூன்று வருடமாக நான் சொல்லாமலிருந்ததைத்தான் அவர் சரி என்று எடுத்துக்கொண்டார், அதற்கு நானும் உடந்தை என்பதும் உண்மை. நேற்று தட்டியது எனக்குக் கேட்டது என்பது மூன்றாவது உண்மை. உப்பு ஈரம் என்று அவர் சொல்லியிராவிட்டால் அந்த மூன்றாவது மாதிரியே கிடையாது என்பது நான்காவது. இதில் எதை முதலில் சொன்னால் மற்றதைப் பொய்யாக்காமல் இருக்கும் என்று அடுக்கிக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் பாதிச் சுற்று வந்திருக்காது.

"அலோர்," என்றார் முசே. "புரியுது. நீ போம்மா."

நான் இன்னும் இரண்டாவது பதிலில் இருந்தேன். கலியமூர்த்தி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம். திட்டவில்லை, பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். நான் வெளியே வந்தபோது அவரை மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று முசே சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. மறு உத்தரவு எப்படி இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

என் மௌனம் இந்த முறை ஒரு மனிதரைப் பொய்யர் ஆக்கியிருந்தது.

அன்று மாலை பஸ்ஸில் அஞ்சலை அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று வருடத்தில் அதுதான் முதல் முறை. பாலம் வருகிறவரை பொறுத்துக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார்.

"ரெண்டு புள்ளைங்க படிக்குது அவனுக்கு. நெலம் பூரா தண்ணியில கெடக்குது, இந்த வருசம் ஒரு பிடி நெல்லு வராது. இந்த வேல ஒண்ணுதான். கேட்டான்னு ஒரு வார்த்த சொன்னா ஒன் வாயிலேர்ந்து முத்து உதுந்துடுமா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து லாரி முன்னால நின்னப்ப, சரி, இந்தப் பொண்ணுக்கு நெஞ்சுல ஏதோ கீதுன்னு நெனச்சேன். இன்னிக்கி பாத்தா அதே அழுத்தம். சொல்லுடி, இன்னாதான் நெனச்சிகினு கீற நீ?"

"எழுதிட்டுச் சொல்றேன்க்கா" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இன்னாத்த எழுதுவ? பரிச்சையா?"

ஆனால் இறங்கும்போது, "எழுது. நல்லா கொட்ட எழுத்துல எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதினேன். பதினொரு வரி வந்தது. எல்லாவற்றையும் இங்கே தரப்போவதில்லை. முக்கியமானவை இவை: விதியை அவர் எத்தனை முறை மீறினாரோ அத்தனை முறை நானும் மீறியிருக்கிறேன். அவர் தட்டியது எனக்குக் கேட்டது. மூன்றாவது மாதிரியை நான் எடுத்தது அவர் காலை ஏழே முக்காலுக்குச் சொன்னதால். நோட்டில் நேரத்தோடு இருக்கிறது. கோளாறைக் கண்டுபிடித்ததற்கு எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள், கண்டுபிடித்தது அவர்.

மறுநாள் காலை நேராக முசே அறைக்குப் போனேன். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடி படிக்க ஆரம்பித்தேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. மூன்றாவது வரியில் முசே கையைத் தூக்கினார்.

"அலோர், தேவகி, அது முடிஞ்சு போன..."

"இருங்க சார்" என்றேன். "இன்னும் எட்டு வரி இருக்கு."

எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று தெரியாது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எட்டு வரியையும் படித்தேன். கடைசி வரி, எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பதாக இருந்தால் இரண்டு கடிதம் கொடுங்கள் என்பது. படித்து முடித்ததும் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதை நிதானமாகப் படித்தார். பிறகு கோபமாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்: "இத நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"நேத்து யோசிச்சிட்டு இருந்தேன் சார்."

"நீ யோசிக்கிறன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? பதிலு இல்லன்னதும், 'நான் சொல்லல'ன்னு எடுத்துகிட்டேன். அவன் எறக்கினான், நான் அவன வேலைக்கு வராதன்னுட்டேன். ரெண்டு பேரும் ஒரே தப்புதானே பண்ணியிருக்கோம்?"

அந்த வாக்கியத்துக்காக நான் முசேவுக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வேலையை விட்டு நிறுத்த இருந்த ஆளும் தானும் ஒரே தப்பைச் செய்தோம் என்று சொல்ல எல்லாராலும் முடியாது. 'நீ ஏன் பேச மாட்டேன் என்கிறாய்' என்று அவர் அதற்குப் பிறகும் என்னைக் கேட்டதில்லை. கூட்டங்களில் என் முறை வரும்போது, "யோசிச்சு முடிச்சிட்டியா, இன்னும் நேரம் வேணுமா?" என்றுதான் கேட்பார்.

இரண்டு கடிதம் வந்தது. என்னுடையது இன்னும் என்னிடம் இருக்கிறது, சான்றிதழ்களோடு வைத்திருக்கிறேன். கலியமூர்த்தி நான்காம் நாள் வேலைக்கு வந்தார். ஜன்னலுக்கு மேலே இருக்கிற அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள்: 'தட்டினால் வாயால் பதில் வர வேண்டும். தலை நிமிராதது சம்மதம் அல்ல.' முசே என்னையே எழுதச் சொன்னார். கொட்டை எழுத்தில் எழுதினேன்.

கலியமூர்த்தி திரும்பி வந்த அன்று ஜன்னலில் இரண்டு தட்டு கேட்டது. நான் சோதனையை முடித்துச் சீட்டும் எழுதி வைத்திருந்தேன். சீட்டை ஜன்னல் வழியாக நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மேடம், எறக்கட்டுமா?"

சீட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

"சீட்டு கெடக்கட்டும். வாயால சொல்லுங்க. போர்டுல எழுதிப் போட்டது நீங்கதானே?"

அவருக்குப் பின்னால் மிக்சிங் பிரிவு முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தது. "எறக்குங்க" என்றேன்.

அவர் காதில் கையை வைத்துக்கொண்டார். "கேக்கல மேடம்."

"எறக்குங்க!"

"ஆங். அப்படி." சீட்டை வாங்கிக்கொண்டார். போகத் திரும்பியவர் மறுபடி வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "அந்த மூணாவது சாம்பிள, என்மேல நம்பிக்க இல்லாம எடுக்கறீங்கன்னு நெனச்சேன். நான் சொன்னதுக்காக எடுத்தீங்கன்னு முசே சொன்னாரு. அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்கு எவ்ளோ சந்தோசமா இருந்திருக்கும் தெரியுமா?"

நான் இத்தனை நாள் என் மௌனத்தால் தப்பான சேதி போகிறது என்றுதான் கவலைப்பட்டிருந்தேன். போய்ச் சேர வேண்டிய நல்ல சேதியும் போகாமல் நின்றுவிடுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்காக நான் மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இன்றும் மதியம் ஆய்வகத்துக்குப் பின்னால் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் காரணத்தைச் சொல்லிவிட்டேன். "இதச் சொல்ல மூணு வருசமா?" என்று அஞ்சலை அக்கா தலையில் அடித்துக்கொண்டார். இப்போது ஷெட்டிலிருந்து யாராவது என்னைக் கூப்பிட்டால், "அத விடு, அது காத்தாட ஒக்காந்து துன்னுட்டு வரும்" என்று அவரே அதட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கினால் திங்கட்கிழமை எனக்கும் ஒரு கிண்ணத்தில் குழம்பு வரும். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்காருகிறார். அவர் பேசுவார். "நீ ஒண்ணும் பேச வேணாம், தலைய மட்டும் ஆட்டு. ஆமான்னா மேலயும் கீழயும், இல்லன்னா பக்கவாட்டுல. சரியா ஆட்டு, முன்ன மாதிரி கொழப்பாத" என்பார்.

இதற்கு அடுத்த வருடம் ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி என்னிடம் ஏதோ கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையிழந்து, "இந்தம்மாவுக்குப் பதில் தெரியாதா, சொல்ல இஷ்டமில்லையா?" என்று முசேவைக் கேட்டார். முசே வாய் திறப்பதற்கு முன் ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "கொஞ்சம் இருங்க சார். அவங்க பேசலன்னா உள்ள கணக்கு ஓடுதுன்னு அர்த்தம். அவசரப்பட்டு நாங்க ஒருவாட்டி மாட்டிகிட்டோம்." அதிகாரி சிரித்துவிட்டார். காத்திருந்தார். பதில் சொன்னேன்.

ஆகவே, உங்களில் அந்த நாற்பது விநாடிக்காரருக்கு: நீங்கள் நிறையப் பேச வேண்டியதில்லை. கலகலப்பாக இரு, எல்லாரோடும் பழகு என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததைச் செய்யுங்கள். உங்கள் நிதானம் இந்த வேலைக்குத் தேவை. அவசரக்காரராக இருந்திருந்தால் நான் அந்த மூன்றாவது மாதிரியை எடுத்திருக்க மாட்டேன். ஆனால் யோசிக்கும்போது, யோசிக்கிறேன் என்பதை மட்டும் வெளியே சொல்லிவிடுங்கள். எனக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது: 'இருங்க.' சோதனைக்கு நடுவிலும் சொல்லலாம். குடுவையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டாம், கை நடுங்காது. நான் பரிசோதித்துப் பார்த்திருக்கிறேன்.

மற்ற இருவருக்கும்: அவர் பேசாமலிருந்தால் நீங்களாக ஓர் அர்த்தம் வைக்காதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள். பிறகு காத்திருங்கள். அன்று நேர்முகத் தேர்வில் தாளைப் புரட்டியவரிடம், "இருங்க சார், பதில் வரும்" என்று ஓரத்திலிருந்து சொன்னது நான்தான்.

இன்று என் கடைசி நாள். மதியம் கடைசிச் சீட்டை எழுதி முடித்த பிறகு ஜன்னலில் இரண்டு தட்டு கேட்டது. இறக்குவதற்கு எதுவும் பாக்கியில்லை.

"இன்னா மேடம், போறீங்களாமே?" என்றார் கலியமூர்த்தி.

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. உள்ளே வரிசைப்படுத்த ஆரம்பித்தேன். அந்த மூன்றாவது மாதிரி, அந்தக் கடிதம், அந்த அதிகாரி, நான் சொன்ன ஒவ்வொரு 'இருங்க'வுக்கும் அவர் முணுமுணுக்காமல் நின்றது. எதை முதலில் வைப்பது என்று தெரியவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை, போகவும் இல்லை. ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் ஒரு முழுச் சுற்று வந்திருக்கும்.

"ரொம்ப நன்றிண்ணே" என்றேன்.

அவர் காதில் கையை வைத்துக்கொண்டார். "கேக்கல மேடம்."

இன்னொரு முறை சொன்னேன். பேக்கிங் ஷெட் வரைக்கும் கேட்டதாக அஞ்சலை அக்கா பஸ்ஸில் சொன்னார்.